கம்யூனிட்டி காலேஜில் லிபரல் ஆர்ட்ஸ் படிக்கலாமா? 'நூலக ஆய்வு' பாடம் எதற்கு? சேலம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "அடுத்து எங்க சேக்கறது?" சேலம் கோரிமேட்டை ஒட்டியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் இதே கதைதான். இன்ஜினீயரிங், நர்சிங், பாலிடெக்னிக் என்று பேச்சு ஓடும். யாராவது ஒருவர் வரலாறோ தமிழோ எடுத்துப் படிக்கிறேன் என்று சொன்னால், "பி.ஏ.வா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்ற எதிர்க்கேள்வி உடனே வந்துவிடும்.

இதற்கு நடுவில் 'கம்யூனிட்டி காலேஜ்', 'லிபரல் ஆர்ட்ஸ்' போன்ற வார்த்தைகளும் மாணவர்கள் காதில் விழுகின்றன. வெளிநாட்டில் படிக்கும் சொந்தக்காரர் ஒரு அர்த்தத்தில் சொல்கிறார். நம்ம ஊர் போர்டில் 'சமுதாயக் கல்லூரி' என்று எழுதியிருப்பது வேறு ஒன்று. பெயர் ஒன்று, கிடைக்கும் சான்றிதழ் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்தால் ஓரிரு வருடம் வீணாகப் போகும் ஆபத்து இருக்கிறது. எது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன?

இது அமெரிக்காவில் பிறந்த யோசனை. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜைத்தான் அந்நாட்டின் மிகப் பழைய அரசு கம்யூனிட்டி காலேஜ் என்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே, குறைந்த கட்டணத்தில், கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படிக்கலாம் என்பதுதான் திட்டம்.

இரண்டு ஆண்டு முடிவில் 'அசோசியேட் டிகிரி' கிடைக்கும். பொதுவாக 60 கிரெடிட். அதன்பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறி, மீதி இரண்டு ஆண்டுகளைப் படித்துப் பட்டம் வாங்கலாம். அப்படி மாற நினைப்பவர்கள் அதிகம் எடுப்பது லிபரல் ஆர்ட்ஸ் பாடப்பிரிவு. மொழி, வரலாறு, கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லாமே அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கூடவே பல கல்லூரிகளில் 'நூலக ஆய்வு' என்று 1 கிரெடிட்டுக்கு ஒரு சின்னப் பாடமும் உண்டு.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகம் ஆரம்பித்ததுதான் நாட்டின் முதல் கம்யூனிட்டி காலேஜ். அடுத்த ஆண்டே, 1996-ல், சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் வந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பிளஸ் 2-வுக்குப் பிறகு கல்லூரிக்குப் போக முடியாதவர்கள், வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் ஆகியோரை மனதில் வைத்து இவை உருவாக்கப்பட்டன.

அதனால் இங்கே பாதை ஆரம்பத்திலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் பட்டத்துக்குப் போகும் முதல் படியாக இருந்தது, தமிழ்நாட்டில் வேலைக்குத் தயார் செய்யும் ஓராண்டு டிப்ளமோவாக மாறியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு மாநிலம் முழுக்க சமுதாயக் கல்லூரிகள் பரவின. பின்னர் யுஜிசியும் 2013-14 கல்வியாண்டில், ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே கம்யூனிட்டி காலேஜ் நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

சரி, இங்கே சேர்ந்தால் டிகிரி கிடைக்குமா?

கிடைக்காது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். யுஜிசி திட்டத்தின் கணக்கு இப்படி இருக்கிறது:

- 6 மாதம், 30 கிரெடிட்: சான்றிதழ்
- 1 ஆண்டு, 60 கிரெடிட்: டிப்ளமோ
- 2 ஆண்டு, 120 கிரெடிட்: அட்வான்ஸ்டு டிப்ளமோ
- 3 ஆண்டு, 180 கிரெடிட்: பி.வோக். பட்டம். இதை நடத்தத் தனி அனுமதி வேண்டும். எல்லா கம்யூனிட்டி காலேஜிலும் இருக்காது.

டிப்ளமோ முடித்துவிட்டு, 'ஏதாவது ஒரு டிகிரி' கேட்கும் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. டிப்ளமோவில் வாங்கிய கிரெடிட்டை வைத்து பட்டப்படிப்பில் நடுவில் சேரலாமா என்பதும், சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தின் விதியைப் பொறுத்தது. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பக் கூடாது. எழுத்தில் கேட்க வேண்டும்.

அப்போ லிபரல் ஆர்ட்ஸ் எங்கே இருக்கு?

யுஜிசி திட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒரு சுவாரசியமான விஷயம் தெரியும். ஓராண்டு டிப்ளமோவின் 60 கிரெடிட்டில் 36 கிரெடிட் தொழில் திறனுக்கு. மீதி 24 கிரெடிட், அதாவது 40 சதவீதம், பொதுக்கல்விக்கு. மொழி, பேச்சு, எழுத்து, சமூகம் பற்றிய அறிவு எல்லாம் இந்த 24-க்குள் அடங்கும். அமெரிக்க மாணவர் முழு டிகிரியாக எடுக்கும் லிபரல் ஆர்ட்ஸ், நம்ம ஊர் கம்யூனிட்டி காலேஜில் இந்த 24 கிரெடிட்டாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது.

நல்ல கல்லூரி என்றால் இந்த 24 கிரெடிட்டை ஒழுங்காக நடத்தும். இல்லாவிட்டால் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்ற பெயரில் நான்கு மாதிரி விண்ணப்பக் கடிதங்களை எழுத வைத்து முடித்துவிடும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இங்கேதான் இருக்கிறது.

லிபரல் ஆர்ட்ஸ் என்பது ஓவியம், நடனமா?

இல்லை. 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைப் பார்த்து வரும் குழப்பம் அது. லத்தீனில் 'லிபர்' என்றால் சுதந்திரமானவர். ஒருவர் சுதந்திரமான குடிமகனாக யோசிக்கவும் பேசவும் தேவையான படிப்பு என்பது பழைய பொருள். இடைக்கால ஐரோப்பாவில் இதில் 7 பாடங்கள் இருந்தன: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், வானியல், இசை. அதாவது கணக்கும் வானியலும் சேர்ந்ததுதான் லிபரல் ஆர்ட்ஸ்.

நம்ம ஊர் பி.ஏ.வில் இது இல்லையா?

இருக்கிறது, பெயர்தான் வேறு. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். பகுதி 4-ல் சுற்றுச்சூழல் கல்வி, வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம். பகுதி 5-ல் என்எஸ்எஸ், என்சிசி போன்ற சமூகப் பணி. பி.எஸ்சி. இயற்பியல் மாணவரும் தமிழ் படிக்கிறார், பி.ஏ. வரலாறு மாணவரும் சுற்றுச்சூழல் படிக்கிறார். பல துறை சேர்ந்த படிப்பு என்ற எலும்புக்கூடு ஏற்கெனவே இங்கே உண்டு.

கொண்டப்பநாயக்கன்பட்டி மாணவிக்குக் கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்துக்குள் 1857-ல் வேர்விட்ட அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. லிபரல் ஆர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெயருக்காக மட்டும் தூர ஊருக்குப் போய் லட்சக்கணக்கில் கட்ட வேண்டிய அவசியம் எல்லோருக்கும் இல்லை.

ஆனால் ஒன்று குறைகிறது. அமெரிக்கக் கல்லூரியில் அந்த 1 கிரெடிட்டுக்குச் சொல்லித்தரும் நூலக ஆய்வுப் பாடத்தை, நம்ம ஊரில் இளநிலை மாணவர் தனிப் பாடமாகச் சந்திப்பது அபூர்வம். முதல் வருடம் நூலக அட்டை கொடுப்பார்கள். எப்படித் தேடுவது என்று பெரும்பாலும் சொல்லித்தர மாட்டார்கள். கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் வரும்போதுதான் திண்டாட்டம் தொடங்கும்.

அந்தப் பாடத்தில் அப்படி என்னதான் இருக்கு?

'தகவல் எழுத்தறிவு' என்ற கருத்தை 1974-ல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் முன்வைத்தார். எழுதப் படிக்கத் தெரிவது போல, தகவலைத் தேடி எடுத்து எடைபோடத் தெரிவதும் ஓர் எழுத்தறிவு என்பது அதன் சாரம். பாடத்தில் பொதுவாக இவை இருக்கும்:

1. கேள்வியைச் சுருக்குவது. 'சேலத்தின் வரலாறு' என்று தேடினால் கடலில் குதித்த மாதிரி. 'சேலத்தில் கைத்தறி நெசவாளர்களின் கூலி, 1980-க்குப் பிறகு' என்றால் தேட ஒரு கரை கிடைக்கும்.

2. சொல்லை மாற்றிப் போடுவது. கொண்டப்பநாயக்கன்பட்டி என்ற பெயரிலேயே பாடம் இருக்கிறது. 'நாயக்கன்' என்பதை ஆங்கிலத்தில் மூன்று, நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடினால் மற்ற ஆவணங்கள் கண்ணில் படாது. தமிழிலும் 'நாயக்கன்பட்டி', 'நாய்க்கன்பட்டி' என இரண்டும் உண்டு.

3. அலமாரியைப் படிப்பது. பல கல்லூரி நூலகங்களில் டூவி தசம எண் முறை இருக்கும். தமிழ்நாட்டு வரலாறு 954.82, தமிழ் இலக்கியம் 894.811. எண் தெரிந்தால், தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பத்துப் புத்தகங்களும் கையில் கிடைக்கும்.

4. மூலத்தை எடைபோடுவது. எழுதியது யார், எந்த வருடம், எதை வைத்துச் சொல்கிறார், அதே தகவல் வேறு எங்காவது இருக்கிறதா?

5. எடுத்த இடத்தைச் சொல்வது. அடுத்தவர் எழுதியதைப் பயன்படுத்தினால் குறிப்பிட வேண்டும். முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு யுஜிசி 2018-ல் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் திருத்தித் தருவதில் தொடங்கி, அளவைப் பொறுத்து நடவடிக்கை கடுமையாகும்.

ஓர் உதாரணம்: சேலத்தின் மக்கள்தொகை குறைந்துவிட்டதா?

ஒரு மாணவர் புராஜெக்டுக்காக மக்கள்தொகைக் கணக்கை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1961-ல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 38 லட்சம். 2011-ல் 34.82 லட்சம். ஐம்பது வருடத்தில் ஊரே காலியாகிவிட்டதா?

இல்லை. மாவட்டம்தான் சுருங்கியது. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997-ல் நாமக்கல் பிரிந்தது. 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 1961-ன் 'சேலம்' என்பது இன்றைய நான்கு மாவட்டங்கள் சேர்ந்தது. இரண்டு எண்ணும் சரிதான், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதுதான் தப்பு.

1883-ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஸட்டியர் போன்ற பழைய நூல்களைப் பயன்படுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். அந்தப் பக்கங்களில் வரும் சேலத்துக்குள் ஓசூரும் இருக்கும். எழுதியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். வரி வசூலிக்கும் அரசின் கண்ணோடு ஊரைப் பார்த்தவர்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இப்படி யோசிக்கப் பழக்குவதுதான் நூலக ஆய்வுப் பாடத்தின் வேலை.

ஏஐ கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடாதா?

சொல்லும். சரியாகச் சொல்கிறதா என்பதைப் பார்க்க ஆள் வேண்டும். 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால், நாளைக்கு புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய மாணவரின் கதியை யோசித்துப் பாருங்கள். ஏஐ ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால், அந்தப் புத்தகம் நூலகப் பட்டியலில் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டே நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யத் தெரிய வேண்டும்.

நூலக அறிவியல் படிப்பும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. நூலக ஆய்வு எல்லா மாணவருக்கும் தேவைப்படும் சின்னப் பாடம். நூலக அறிவியல் என்பது நூலகர் ஆவதற்கான தொழிற்படிப்பு.

இந்தத் தொழிற்படிப்பின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1929-ல் அவர் முயற்சியில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் வெளியிட்டார். புத்தகத்தைப் பூட்டிவைத்துப் பாதுகாப்பதைவிட அது வாசகர் கையில் புரள வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பிறந்தநாளையொட்டி ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இன்று இந்தத் துறைக்கு வர விரும்புபவர்களுக்கான வழி:

- பிளஸ் 2 முடித்தவர்களுக்கு, இக்னோ போன்ற இடங்களில் 6 மாத நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பு
- ஏதாவது ஒரு டிகிரி முடித்தவர்களுக்கு, ஓராண்டு இளநிலை நூலக அறிவியல் (பி.எல்.ஐ.எஸ்.)
- அதன்பிறகு முதுநிலை. பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதற்குத் தனித் துறை இருக்கிறது
- கல்லூரி நூலகராக, முதுநிலையில் 55 சதவீதத்தோடு நெட் அல்லது செட் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு
- அரசு நூலகப் பணியிடங்களுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது

தொலைநிலையில் படிக்க நினைப்பவர்கள், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

நூலக ஆய்வு கற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகும்?

பெரும்பாலும் செலவே இல்லை. சொல்லப்போனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.

1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இப்போது சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா. சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் மாவட்ட மைய நூலகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் பணம் தந்துகொண்டுதான் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வீட்டிலிருந்தே செல்போனில் பார்க்கக்கூடியவையும் உண்டு:

- தமிழ் மின்னூலகம்: தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துகிறது. பழைய நூல்கள், இதழ்கள், ஓலைச்சுவடிகள் இலவசம்.
- ஷோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் தளம். சேலம் பற்றி யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று இங்கே தேடலாம்.
- தேசிய டிஜிட்டல் நூலகம்: ஐஐடி காரக்பூர் நடத்துகிறது.
- ஒரே நாடு ஒரே சந்தா: 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். அரசு நடத்தும் சுமார் 6,300 கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களைப் படிக்கும் வசதி. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னது அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. காசு கொடுத்து வாங்கினால் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆய்விதழ்கள் அவை. உங்கள் கல்லூரி இதில் பதிவு செய்திருக்கிறதா, உள்நுழைவது எப்படி என்று நூலகரிடம் கேளுங்கள். தனியார், அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்கள், தங்கள் கல்லூரி 'என்-லிஸ்ட்' திட்டத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. முடிவில் தரும் காகிதம் சான்றிதழா, டிப்ளமோவா, டிகிரியா? கையெழுத்து போடுவது எந்தப் பல்கலைக்கழகம்?
2. அந்த அங்கீகாரம் இந்தக் கல்வியாண்டுக்குச் செல்லுமா? கடிதத்தைக் காட்ட முடியுமா?
3. இங்கே வாங்கும் கிரெடிட்டை எந்தப் பட்டப்படிப்பு ஏற்றுக்கொள்ளும்?
4. பொதுக்கல்விக்கான 24 கிரெடிட்டில் என்னென்ன பாடம்? யார் நடத்துகிறார்கள்?
5. நூலகம் தினமும் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்? நூலகர் இருக்கிறாரா?
6. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கு இந்தப் படிப்பு தகுதி பெறுமா?

ஐந்தாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். பூட்டிய நூலகத்தைக் காட்டி, "கேட்டா திறந்து விடுவோம்" என்று சொல்லும் கல்லூரியில் புத்தகம் எத்தனை ஆயிரம் இருந்தாலும் மாணவருக்குப் பயன் குறைவுதான்.

சுருக்கமாக...

உடனே வேலைக்குப் போக வேண்டும், கைத்தொழில் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் டிப்ளமோ நல்ல வழி. அரசுத் தேர்வு, ஆசிரியர் பணி, ஊடகம், சட்டம், மேற்படிப்பு என்று யோசிப்பவர்களுக்குப் பட்டம் தேவை. அவர்கள் பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியை முதலில் பார்க்கலாம். எந்தப் பக்கம் போனாலும், தகவலைத் தேடி எடுத்து சரிபார்க்கும் பழக்கம் உடன் வர வேண்டும். "பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்பவர்களிடம் காட்ட, அந்தப் பழக்கம் உள்ளவரிடம் ஏதாவது ஒன்று கையில் இருக்கும். கல்லூரி திறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த லீவிலேயே பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, சொந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வியை எடுத்துத் தேடத் தொடங்கலாம்.